மூன்று விளிகள்

அவர் இறந்த செய்தி
மிக்ரோ கடை வரிசையில்தான் எனக்குக் கிடைத்தது.
முன்னால் நின்றவரின் பத்திரிகையில் கால் பக்கப் படம்,
கழுத்தில் ரெக்டரின் சங்கிலி.
அந்தச் சங்கிலியை எட்டு வருடம் துடைத்தவள் நான்.

குரு மைன்ராட் சுர்கிண்டன்,
பால் வண்டிக்காரரின் ஒன்பதாம் பிள்ளை,
சிரியாக் இலக்கணம் இரண்டு தொகுதி,
ஃப்ரிபூர் பல்கலைக்கழகத்தில் எட்டாண்டுப் பதவி,
வயது எண்பத்தாறு.
இவ்வளவுதான் எழுதியிருந்தார்கள்.
அவர்கள் குப்பைக்கூடையைப் பார்த்ததில்லை.

விடிய நாலரைக்கு என் வேலை தொடங்கும்.
கட்டடத்தின் பெயர் மிசெரிகோர்து. இரக்கம் என்று பொருள்.
இரக்கத்துக்கு நூற்றுப் பதினாறு சன்னல்கள்,
நான் எண்ணியிருக்கிறேன்.

கீழூர்க் கோயிலில்
இரண்டு கன்னியாஸ்திரிகளுக்கும் ஒரு இருமலுக்கும்
பூசை வைத்துவிட்டு
மலையேறும் பெட்டியில் வருவார்.
நகரத்தின் கழிவுநீரில் ஓடுகிற பெட்டி அது.
மேலே நிற்பதன் வயிற்றில் சாக்கடையை நிரப்புவார்கள்,
அது இறங்க, கீழே நிற்பது ஏறும்,
துலா மிதித்தாற்போல.
தூபத்தோடு சண்டை பிடித்தபடி
அந்த மணமும் அவர் அங்கியில் வரும்.
"இன்று என்னைத் தூக்கிவிட்டது
யார் வீட்டுத் தண்ணீரோ, மதாம் மலார்"
என்றார் ஒருநாள்.
என் பெயர் திலகமலர். திருத்தவில்லை.

கட்டண உயர்வை எதிர்த்து
மாணவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்தபோது
அவரும் போய் உட்கார்ந்தார்,
மழையில், குடையை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு.
கட்டணம் உயர்ந்தது.

பிறகு ரோமென் புன்யோன்.
அறநெறி இறையியல் பேராசிரியர், அவரும் குரு.
வியாழன் இரவுகளில் இருவரும் சதுரங்கம் ஆடுவார்கள்.
காய்களைத் தொடாதே என்று பலகையில் சீட்டு இருக்கும்,
அந்த அறையில் நான் துடைக்காத ஒரே பொருள்.
ரோமென் ஒரு நூலகரைக் கலியாணம் செய்யப்போகிறாராம்.
ஆயரிடமிருந்து உறை வந்தது.
கற்பிக்கும் அனுமதி போகும்,
கையொப்பம் ரெக்டருடையது.

பதினொரு காலை கூடை நிரம்பி வழிந்தது.
நான் படிக்கக் கூடாது.
வேலைக்குச் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன்,
உள்ளே கண்டதை வெளியே கொண்டுபோகேன் என்று.
ஆனால் மாலையில் எனக்குப் பிரெஞ்சு வகுப்பு,
அந்த வாரப் பாடம்
கடிதத்தைத் தொடங்குவது எப்படி.

முதல் தாளில், அன்பு ரோமென்.
கீழே ஒன்றுமில்லை.
பேனா நெடுநேரம் நின்ற இடத்தில்
உளுந்தளவு மை.
நாலாம் நாள், மதிப்புக்குரிய சகாவே. அரைப் பக்கம்.
பதினொன்றாம் நாள், பேராசிரியர் அவர்களுக்கு.
முழுப் பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை.
ஒரு ஆள் இன்னொரு ஆளை விட்டு
எத்தனை அடி விலகலாம் என்பதற்கு
அந்த மொழியில் சொற்கள் இருந்தன.
தேர்வில் எனக்கு முழுப் புள்ளி.

பலகை அப்படியே கிடந்தது,
பதவி முடியும்வரை, நாலு வருடம்.
அடுத்த நகர்வு வெள்ளைக்கு என்று
மாணவன் ஒருவன் சொன்னான்.
இருவரில் வெள்ளை யார் என்று தெரியவில்லை.
குதிரையின் காதில் தூசி படிந்தது.
சீட்டை மதித்தேன்.

பேராலயத்தில் அடக்கப் பூசை.
புதிய ரெக்டரின் கழுத்தில் அதே சங்கிலி,
மூன்றாம் வளையத்தில் கறுப்பு.
சரியாகத் துடைப்பதில்லை இப்போது.
கடைசித் தூணருகே ரோமென்,
கைத்தடி, மனைவி.
மறையுரையில் அவர் பெயர் வரவில்லை.
வரும் என்று யாரும் நினைக்கவுமில்லை,
நான் நினைத்தேன்.

மாலையில் கீழ் நிலையத்தில்
பெட்டிக்குக் காத்திருந்தார்கள்.
கைப்பையில் நாலாய் மடித்து
வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்த தாள்.
அவர் தன் கையெழுத்தைக் காப்பாற்றினார்.
நான் என்னுடையதை முறித்தேன்.

ரோமென் படித்தார். திருப்பிப் பார்த்தார்.
"மீதி?"
"இவ்வளவுதான்."
மனைவிதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்,
அவர் எழுத்து இவ்வளவு பெரிதாக இருந்ததில்லையே என்று.

பெட்டி வந்து நின்று
வயிற்றுத் தண்ணீரைக் கொட்டத் தொடங்கியது.
வெகுநேரம் கொட்டியது.