பல்வலி லீவு

பல்வலி என்று சொல்லித்தான்
மூன்று மாதத்துக்கொரு தரம் லீவு கேட்கிறேன்.
ஆறு வருஷத்தில் இருபத்து நான்கு பல்வலி.
"வாயில இன்னும் பல்லு மிச்சமிருக்கா?" என்பார்
குணராஜு மண்டோர்.
சிரித்துக் காட்டுவேன்.
முப்பத்திரண்டும் இருக்கும்.

ஐந்தரை பஸ்.
செம்பனை வரிசைக்குள் இருட்டு இன்னும் குந்தியிருக்கும்.
பீடோரில் இறங்கி, ஈப்போவுக்கு வேறு பஸ்.
ஒரு நாள் சம்பளம் போச்சு, போக வரக் காசு,
பசியாற ஒரு பொட்டலம் நாசி லெமாக்.
மருந்துக்கு வெள்ளி கேட்பதில்லை.
மருந்துவரை போவதுதான் விலை.

"பக்கத்து டவுன் கிளினிக்கிலேயே வாங்கலாமே?"
மிஸி நோராய்னி ஒருமுறை கேட்டார்.
அங்கே கார்டு எடுத்துக் கொடுப்பவள்
என் நாத்தனார்.
மிஸி அப்புறம் கேட்கவில்லை.

அவள் அண்ணன், என் புருஷன்,
பழம் அறுத்த சந்தனதாஸ்,
டெஸ்ட் எடுக்காமலே இளைத்து இளைத்து
அரிவாள் கம்பு தூக்க முடியாமல் போனான்.
செய்வினை என்றார்கள் சிலர்.
தெரிந்த சிலர் ஒன்றும் சொல்லவில்லை.
காரியத்தன்று கலக்கி வைத்த காப்பி
பானையோடு ஆறிக் கிடந்தது.
ராத்திரி நானே வடிகாலில் ஊற்றினேன்.

எனக்கு ராத்திரிக்கொரு மாத்திரை.
என் ரத்தத்தில் இப்போது
மெஷினாலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கிருமி
ஒடுங்கிக் கிடக்கிறது.
உதிரிப்பழம் பொறுக்கி மூட்டை கட்டி
லாரிவரை நானே சுமக்கிறேன்.

கூடப் பொறுக்குகிறவள் மர்னி.
லொம்போக்கிலிருந்து வந்தவள்.
பெர்மிட் முடிந்து வருஷமாகிறது.
ஒரு மத்தியானம்
எட்டாய் மடித்த காகிதமொன்றை
கையுறைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள்.
படிக்க வேண்டியிருக்கவில்லை,
அந்த எழுத்துகள் எனக்குப் பழக்கம்.
தோட்டத்தில் கற்ற தமிழில் கேட்டாள்:
"அக்கா, உன் பல்வலி மருந்து
கொஞ்சம் இருக்கா?"

அன்றிரவு மாத்திரையைக் கொட்டி எண்ணினேன்.
பாதி அவளுக்கு, பாதி எனக்கு.
மிஸி சொன்னது ஞாபகம் வந்தது:
பங்கு போட்டால் இரண்டு வீட்டிலும்
நோய்தான் ஜெயிக்கும்.
திரும்ப டப்பாவில் போட்டேன்.
ஒரு உதிரிப்பழம் விட்டுப்போனாலும்
மண்டோர் குனிந்து எண்ணுகிற தோட்டம் இது.
மர்னி எந்தக் கணக்கிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில்
சீனி, பிரஷர் பார்க்க வேன் வந்தது.
முடியும்போது டாக்டர் கேட்டார்,
வேறு ஏதாவது கேள்வி?
யாரோ முழங்கால் வலி கேட்டார்கள்.
அப்புறம் நான் எழுந்துவிட்டேன்.

"எச்.ஐ.வி. மருந்தையும்
இந்த வேனிலேயே கொண்டு வர முடியுமா?
நான் ஆறு வருஷமாய்ச் சாப்பிடுகிறேன்.
பேர், பாஸ்போர்ட் கேட்காமல்
கொடுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள்."

மேலே காற்றாடி மட்டும் கிறீச்சிட்டது.
நாத்தனாரின் நாற்காலி ஒரு முழம் நகர்ந்தது.
மண்டோர் என் வாயையே பார்த்தார்,
ஒவ்வொரு பல்லாய் எண்ணுகிறவர்போல.
டாக்டரின் பேனா மூடியே இருந்தது.
மர்னி பின்னால் கிளாஸ் கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

கடைசி வரிசையிலிருந்து
ஓர் ஆண்குரல், கம்மலாய்:
"வேன் மறுபடி எப்ப வரும்?"

யாரென்று நான் திரும்பவில்லை.
திரும்பினால்
அவன் கேட்கவேயில்லை என்றாகிவிடும்.