அரைப் பேர்

எங்கள் மலையில்
ஒருநாள் கூலியைப் பேர் என்போம்.
இருபது கிலோ நிறுத்தால் பேர் விழும்.
மழை பிடித்துப் பதினொன்றோடு இறங்கினால்
அரைப் பேர்.
கணக்கப்பிள்ளை செக்றோலில் பாதிக்கோடு இழுப்பார்.
பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

அது ஞாயிற்றுக்கிழமை.
ஏழாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பராவில்
பத்தொன்பது பேர் இருந்தோம்.
நாற்காலிகள் மரண உதவிச் சங்கத்தில் இரவல்.
காணிக்கைப் பை என் கையில் இருந்தது,
தகரத்தில் முதல் கல் விழுந்தபோது.
குரங்கு என்றுதான் நினைத்தோம்.

பிறகு கதவு.
பிறகு சலோமியின் கைக்குழந்தை
சட்டென்று அழுகையை நிறுத்தியது.
அதற்குத்தான் பயந்தேன்.

முன்னால் நின்றவன் மருதவீரன்.
தோட்டத்து லொறி பழுதான ஓர் இரவில்
அவன் பெண்சாதியைப் பலகையில் கிடத்தி
றோட்டுவரை சுமந்த நான்கு பேரில்
இரண்டு பேர் எங்கள் ஜெபத்துக்கு வருகிறவர்கள்.
அவன் எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை.
நாற்காலிகளைப் பார்த்துப் பார்த்து உடைத்தான்.

போதகர் யோபு பதுளை ஆஸ்பத்திரியில்,
முழங்கையில் தகடு வைத்திருக்கிறார்கள்.
சாவியை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை.
வாசலில் கிடந்தது, எடுத்து முந்தானையில் முடிந்தேன்.

புதன்கிழமை பொலிஸுக்கு வரச் சொன்னார்கள்.
முறைப்பாடு எங்கள் மேல்:
அனுமதியில்லாத கூட்டம், சத்தம்.
சார்ஜன் கெட்டவர் இல்லை.
குடிக்கத் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டினார்.

“பேர்?”
“கதிராயி.”
அடையாள அட்டையில் அதுதான், பொய்யில்லை.
“அங்க ஜெபத்துக்குப் போறதா?”
“காம்பரா கூட்டப் போவேங்க.”
அதுவும் பொய்யில்லை, சனிக்கிழமைகளில் கூட்டுகிறேன்.
“அப்ப நீ அவங்க ஆள் இல்ல.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருப்பது எவ்வளவு லேசு!
மடுவத்தில் கொழுந்துக் கூடையை இறக்கினாற்போல
தோள் இரண்டும் தானாக மேலெழுந்தன.

பசறை பஸ் வந்தது.
நகின்ன, நகின்ன என்றான் கொண்டக்டர்.
ஒரு கால் படியில், ஒரு கால் சேற்றில்.
சேற்றுக்காலில் அட்டை கடித்தது.

அன்றைக்கும் அட்டை கடித்தது.
ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன்,
போதகர் கேட்டார், என்ன பேர் வேண்டுமென்று.
இரத்தாம்பரம் விற்றவளின் பேரைக் கேட்டேன்.
தன் கையால் உழைத்தவள்,
தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவள்.
தண்ணீருக்குள் போகும்போது கதிராயி,
எழும்பும்போது மூக்கெல்லாம் தண்ணீர்,
லீதியாள்.

அரைப் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பஸ்ஸை விட்டேன்.
தைரியம் வந்தது என்று சொல்லமாட்டேன்.
வயிறு கலங்கியது.
பொலிஸில் கக்கூஸ் எங்கே என்று கேட்டு,
போய்வந்துதான் மேசைக்கு முன்னால் நின்றேன்.

“மாத்தையா, பேர் கொறஞ்சி போச்சி.”
அவர் புத்தகத்தை மூடியிருந்தார்.
“அங்க ஜெபத்துக்குத்தான் போறேன்.
கூட்டுறதுக்கு மட்டுமில்ல. சாவி எங்கிட்ட இருக்கு.
ஞானஸ்நானப் பேரு வேற.”

என்னைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.
வாசலில் மருதவீரனின் ஆட்கள் இரண்டு பேர்
பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார்கள்.
தீக்குச்சி கை சுடும்வரை எரிந்தது.
அவர்களுக்கும் கேட்டுவிட்டது.

“அக்கே, பஸ் போயிரும்,” என்றார் மெல்ல.
என்னைக் காப்பாற்ற
அவரிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான்.

நின்றேன்.
பேனையைத் திறந்தார்.
சிங்கள எழுத்தில் அந்தப் பேர் கூடி வரவில்லை.
“என்ன?”
“லீதியாள்.”
“லீலாவதி?”
“இல்லீங்க. லீதியாள்.”
காதருகே கையை வைத்து மறுபடி கேட்டார்.
மூன்றாம் தடவை சொன்னபோதுதான்
என் குரல் எனக்கே கேட்டது.

எழுதினார்.
அடுத்த பஸ் நாலரைக்கு.