முதல் எதிர்மனுதாரர்

ஹெப்பாள் மேம்பாலம் இறங்கும் இடத்தில்
நடுத்தடுப்பு தொடங்கும் கல்லுக்கு
மஞ்சளும் கறுப்பும் புதிதாய்ப் பூசியிருக்கிறார்கள்.
பழைய பூச்சு ஜெசிந்தாவின் வண்டியோடு போயிற்று.
என் வலது கட்டைவிரலில் கொஞ்சம்.

"கேஸ் போட்டே ஆகணும் மேடம்" என்றார் புட்டசாமி
மேயோ ஹால் வாசலில், ஒரு கையில் கோப்பும்
மறு கையில் அரை டம்ளர் காப்பியுமாக.
ஓட்டினவர் மேல் தப்பு இருக்கலாம்,
எதிரே வந்தவன் மேல் இருக்கலாம்,
சும்மா உட்கார்ந்து வந்தவர் மேல் எப்படி இருக்கும்?
சட்டத்தில் உங்களைப் போல் சுத்தமான ஆள் கிடையாது.
ஆறு மாதம் கெடு. நாலு போய்விட்டது.

யார் மேல் போடுவது என்று கேட்டேன்.
காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.
முதல் எதிர்மனுதாரர்: ஜெசிந்தா அருள்.
இரண்டாவது: காப்பீட்டு நிறுவனம்.

பதினோரு வருடம் ஒரே லேப், ஒரே மேசைவிளக்கு.
நான் மெழுகில் பல் செதுக்குவேன்,
அவள் பீங்கானில் மெருகேற்றுவாள்.
ஊரில் எத்தனையோ வாய்களில்
நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மெல்லுகிறோம்.

"அவ பேர் இல்லாம முடியாதா சார்?"
"பேர்தான் அவங்களுது. பணம் கம்பெனியோடது."
பாலிசியைக் கள்ளநோட்டு பார்ப்பதுபோல்
வெளிச்சத்தில் பிடித்தார். முழு பாலிசி. தப்பித்தீர்கள்.
மலிவானது என்றால்
ரோட்டில் போகிறவன் மூன்றாம் நபர்,
வண்டிக்குள் இருக்கிற நீங்கள் யாருமே இல்லை.

தன்மை, முன்னிலை, படர்க்கை.
அல்சூர்ப் பள்ளியில் ஒப்பித்தது.
நீ என்றே கூப்பிட்டவளை அவர் ஆக்க
ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது.
அதையும் இடது கையால் போட்டேன்.

அவளேதான் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவந்தாள்,
துணிக்கடைப் பையில், இரண்டு ஆரஞ்சோடு.
"போடு. ஆறு வருஷமா பிரீமியம் கட்டறேன்,
ஒரு பைசா பார்த்ததில்ல. நீயாவது பாரு."
பிறகு ஆரஞ்சை உரித்துக்கொடுத்தாள்.
வெகுநேரம் உரித்தாள்.

கைக்கு இருபத்திரண்டு சதவீதம் ஊனம்,
மொத்த உடம்புக்கு ஏழு, என்றார் டாக்டர்.
இன்ஷூரன்ஸ் வக்கீல் ஏழை விடவேயில்லை.
புட்டசாமி என் பையிலிருந்து
ஒரு மெழுகுக் கடைவாய்ப்பல்லை எடுத்து மேசையில் வைத்தார்:
"ஏழு பர்சென்ட் குறைச்சலா இதைச் செஞ்சா
யார் சார் மெல்லுவாங்க?"
நீதிபதி பல்லை உருட்டிப் பார்த்தார்.
தன் கன்னத்தை நாக்கால் ஒருமுறை துழாவினார்.

கூண்டில் என்னைக் கேட்டார்கள்.
பெல்ட் போட்டிருந்தீர்களா? போட்டிருந்தேன்.
வேகம்? முள்ளைப் பார்க்கவில்லை.
பின்னே எதைப் பார்த்தீர்கள்?
ஜெசிந்தாவை.
அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

இன்னும் ஒரு கேள்வி இருந்தது.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
கல்யாணத்தன்று காலை பல்செட்டைத் தொலைத்த
மாப்பிள்ளையின் கதையை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.
அவள் முழு முகத்தையும் என் பக்கம் திருப்பிச் சிரித்தாள்.
சொல்லியிருப்பேனா?
மனுவில் இருந்தது வேறு:
அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்.
கடைசி பெஞ்சில் முதல் எதிர்மனுதாரர்
தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலிக்கும் வேதனைக்கும் எழுபதாயிரம்.
வைத்தியத்துக்கு, பில் இருக்கும் வரை.
ஆட்டோவுக்கும் சத்துள்ள ஆகாரத்துக்கும் இருபது.
விரலுக்குப் பன்னிரண்டு சதவீதம் என்று ஏற்றி
என் முப்பத்தைந்து வயதுக்குரிய பதினாறால் பெருக்கினார்கள்.
பாதியை மூன்று வருடம் பாங்கு வைத்துக்கொள்ளும்.

எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ ஏறினோம்.
அவள் வண்டியை விற்றுவிட்டாள்.
கம்பியை நான் இடது கையால் பிடித்திருந்தேன்.
டிரினிட்டி தாண்டியதும்
இரண்டு வருடமாய்க் கேட்காததைக் கேட்டாள்:
"அப்புறம் அந்த மாப்பிள்ளை என்னதான்டி பண்ணான்?"

"முதல்ல முன்னால பாரு" என்றேன்.
பார்த்தாள். ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.