இணைப்பு ஏழு

நீலக் கோப்பில் ஒரு விமானத்தின் விலை
சாம்பல் கோப்பில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி.
மிஷாரி சார் எல்லோருக்கும் தேநீர் சொன்னார்.
இணைப்பு ஏழைப் புரட்டும்வரை
எனக்கும் அது இனித்தது.

நீலத்தில் விமானம் மட்டும்தான்.
ஏவுகணை தனி. இலக்கு தேடும் கண் தனி.
உபரி எஞ்சின்,
'பின்னர் பேசிக்கொள்ளலாம்.'
சாம்பல்காரர்கள் எல்லாவற்றையும் கூட்டிவிட்டார்கள்:
ஐந்தாண்டு உதிரிகள், இரண்டு சிமுலேட்டர்,
விமானிகளின் மண்டைக்கு அளவெடுத்துச் செய்யும் தலைக்கவசம்,
டயருக்குக் காற்றடிக்கும் வண்டிகூட.

குவைத், ஷர்க், பதினாறாவது மாடி.
ஜன்னலுக்குக் கீழே கடல்
அசையாமல் காய்ந்துகொண்டிருக்கிறது.
எக்செல் தாளில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிசைகள்.
ஒன்றுக்கு நேரே ஒன்றை வைப்பதும்
அங்கே இருந்து இங்கே இல்லாததற்கு
மஞ்சள் பூசுவதும் என் வேலை.
யார் தலைக்கு மேல் பறக்கும் என்பதற்கு
வரிசை கிடையாது.
நானும் சேர்க்கவில்லை.

நூற்று நாற்பத்தேழாவது வரிசை: நிழற்கூரை.
நீலத்தில் இல்லை. சாம்பலிலும் இல்லை.
இரண்டு பட்டியலும் குளிர்நாட்டில் எழுதியவை.
'உள்ளூர் ஒப்பந்தம்' என்று தட்டினேன்.

அந்த உள்ளூர் ஒப்பந்தம்
மங்காஃபில் என் அறையில்
மேல்கட்டிலில் படுத்திருக்கிறது.
பெயர் லூர்தையா, ஊர் ராதாபுரம் பக்கம்.
பாலைவனத் தளத்தில் கூரைக்கு வெல்டிங்.
"ஏரோப்ளேன் சூடாகக் கூடாதாம்ல.
கூரை போட்டு முடிக்கிற வரைக்கும்
சூடாகுறதுக்கு நாங்க இருக்கோம்"
என்று சிரிப்பான்.
கண்ணில் வெல்டிங் பொறி பட்ட இரவுகளில்
சிரிக்க மாட்டான்,
வெள்ளரிக்காய் வில்லைகளை இமைமேல் வைத்துக்கொண்டு
பேசாமல் கிடப்பான்.

நேற்று ராத்திரி இரண்டு தாள் கொண்டுவந்தான்.
ஒன்று இப்போதைய கம்பெனி.
இன்னொன்று புதுசு, சொஹாரில்.
கணக்குப் போட்டால்
மாசம் இருபத்திரண்டு தினார் கூட வருதாம்.
"நீதான் ரெண்டையும் வச்சுப் பார்க்குற ஆளாச்சே,
பார்த்துச் சொல்லு."

விலையைப் பார்க்கவில்லை.
பழக்கதோஷம்,
நேரே கடைசிப் பக்கம் போனேன்.
சாப்பாடு தனி.
ஓவர்டைம் பற்றிப் பேச்சே இல்லை.
டிக்கெட் மூன்று வருஷத்துக்கு ஒன்று, வரும் வழி மட்டும்.
மருத்துவம்,
'பின்னர் பேசிக்கொள்ளலாம்.'

பையிலிருந்து ஆபீஸ் மார்க்கரை எடுத்து
ஒவ்வொன்றாகப் பூசினேன்.
மேல்கட்டிலிலிருந்து தலையை நீட்டி
பார்த்துக்கொண்டே இருந்தவன் கேட்டான்:

"மஞ்சள் தடவுனா
நல்ல சேதிதானே?"