ஆறும் ஒன்பதும்

காலை எட்டரைக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டால்
மதியம் இரண்டே முக்கால் வரை
நான் யாருக்கும் ஓட்டுநர் இல்லை.
ஹாவரில் ஜனவரி என்றால் தெருவில் காற்றுதான் நடமாடும்.
பணிமனையின் பின்னறையில் ஒரு ஹீட்டர்,
கால் ஆடும் மேசை,
அதன்மேல் பார்சலில் வந்திறங்கிய
ஒரு பசுவின் தோள்.

மலிவாகக் கிடைத்தது.
ஓரத்தில் முள்கம்பி கீறிய வடு,
எந்தக் கோலத்துக்கும் சேராத கொசுக்கடிப் புள்ளிகள்.
வேலி தாண்டப் பார்த்தவள் போலும்.
பிடித்துப்போயிற்று.

துணியில் ஊசி தப்பினால் இழை கூடிவிடும்.
இதில் குத்தியது குத்தியதுதான்.
இதை முதல் நாள் கற்றேன்,
இரண்டாம் நாள் மறந்தேன்.

தோலை நனை, ஊறவிடாதே.
பழைய நிறம் திரும்பும் வரை பொறு.
கன்னத்தில் வைத்துப் பார்,
உள்ளே ஈரம் குளிர்ந்தால் அச்சடிக்கலாம்
என்கிறது கையேடு.
வைத்தேன்.
இந்தக் குளிர்காலத்தில் என் கன்னத்தைத் தொட்டது
அதுவும் பல் மருத்துவரும்தான்.

முதலில் ஒரு பெல்ட்.
இடுப்பை அளக்கச் சோம்பி
அலமாரியில் தொங்கிய பழைய பெல்ட்டை அளந்தேன்.
அது வேறொரு வெர்னாவுடையது,
இருபத்தாறு வயதில் குதிரையேறியவள்.
சரி, நாய்க்குக் கழுத்துப்பட்டை ஆகட்டும் என்றேன்.
பக்கத்து வீட்டு நாய் அதைத் தின்னப் பார்த்தது.
மிச்சத்தில் கடிகார வார்.
நனைந்திருக்கையில் என் கட்டைவிரல் நகம் பட்டு
நட்டநடுவே ஒரு பிறை.
வெட்டி வெட்டி, கடைசியில்
உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சாவித் தொங்கல்.

இரண்டு ஊசி, ஒரே நூல்.
ஒரே துளையில் எதிரெதிராய்ப் புகுந்து
உரசாமல் கடக்கவேண்டும்,
ஒற்றைப் பாலத்தில் இரண்டு கோதுமை லாரிகள் போல.
என் ஊசி மற்றதன் நூலைக் குத்தி நின்றது.
இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை.
பாலத்தில் என்ன சொல்வேனோ அதையே சொன்னேன்.
பிள்ளைகள் இல்லாத நேரம்,
சொல்லலாம்.

எண் அச்சுப் பெட்டியில் ஒன்பது இல்லை.
ஆறைத் தலைகீழாகப் பிடி என்று மூடியிலேயே போட்டிருந்தது.
படித்துச் சிரித்தேன்.
என் பேருந்து பதினாறு.
ஒன்றை அடித்தேன், நேராக விழுந்தது.
ஆறை வைத்து, மூச்சைப் பிடித்து,
சுத்தியலால் ஒரே போடு.
மாவட்டத்திலேயே அழகான பத்தொன்பது.

"இந்தப் பக்கம் பிடித்தால் அறுபத்தொன்று"
என்றாள் கடைசி நிறுத்தத்தில் இறங்கும் தெயா,
ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை.
எப்படிப் பிடித்தாலும் பதினாறு வரவில்லை.
ஆனாலும் தொங்கவிட்டேன். என் தையல் அல்லவா.

பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல்.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பது, விடியாத இருட்டு,
புதிதாய்ச் சேர்ந்த ரூடி பெல்கோர்ட்
ஆணியில் இருந்து என் சாவியை எடுத்தார்.
பத்தொன்பதாம் எண் பேருந்து எங்களிடம் உண்டு.
கொட்டகைக்குப் பின்னால், ஜன்னல்வரை பனியில்,
எஞ்சினைக் கழற்றி மூன்று வருடம்.
நாற்பது நிமிடம் மண்வெட்டியால் தோண்டிக்
கதவைக் கண்டுபிடித்திருக்கிறார்.
பள்ளிக்கூடத்தில் அன்று முதல் பாடமே நடக்கவில்லை.
தெயா என்னை மிகவும் பாராட்டினாளாம்.

திரும்பி வந்தபோது
ரூடி திட்டுவார் என்று நின்றேன்.
அவர் தொங்கலைப் புரட்டி
நகத்தால் தையலை வருடினார்.
"பனிக்குள் விழுந்து தேடி எடுத்தேன்.
ஓர் இழையும் விடவில்லை.
எனக்கும் ஒன்று போட்டுக் கொடு."

இப்போது அவருக்குச் சொந்தமாய் ஒரு பேருந்து:
ஒன்பதாம் எண்.

வடு இருக்கும் துண்டு மட்டும்தான் மீதி.
நனைத்தேன், பொறுத்தேன், கன்னத்தில் வைத்தேன்.
ஆறை அடித்தாயிற்று, நன்றாக விழுந்திருக்கிறது.
ஒற்றை இலக்கம், எந்தப் பக்கமும் சரிதான்,
வளையத்துக்குத் துளை போடும் வரை.

துளைக்கருவி கையில்.
மணி இரண்டரை.
துண்டை ஒருமுறை திருப்பினேன்.
இன்னொரு முறை.