அரை மில்லிகிராம்

டிசம்பரில் ஒருநாள்
கை தலைக்கு மேல் போகவில்லை.
ரெய்யோதான் முடியை வாரிவிட்டான்.
நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் முதல் தடவை.
வகிடு கோணல்.

கெமியார்வி ஆஸ்பத்திரியில் நோய்க்குப் பெயர் சொன்னார்கள்.
நீளச் சொற்களுக்குப் பேர்போன எங்கள் பாஷைக்கே
மூச்சு வாங்கும் ஒரு பெயர்.
தினம் பதினைந்து மில்லிகிராம் என்றார்கள்.

மூன்றாம் நாள்
மேல்தட்டிலிருந்த மீன்சட்டியை நானே எடுத்தேன்.
திருப்பி வைத்தேன்.
மறுபடி எடுத்தேன்.
சட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

இந்தக் கடனுக்கு வட்டி உண்டு.
ராத்திரி மூன்று மணிக்கு
ஒரு முழுக் கம்பு ரொட்டி, கூடவே பாதி சால்மன்.
தூக்கம் வராமல் ஜன்னல்களைத் துடைத்தேன்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு,
இருட்டு பளபளவென்று தெரிந்தது.
வீங்கிய முகத்துக்கு டாக்டர்கள் வைத்த பெயர் நிலாமுகம்.
வைத்தவன் அப்போது காதலில் இருந்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் ஏறிய லெம்பி, இரண்டாம் வகுப்பு,
படியிலேயே நின்றுவிட்டாள்.
"நீங்க ஐலாவோட அக்காவா?"
ஆமாம், அவள் லீவில் இருக்கிறாள் என்றேன்.
பெல்ட்டைப் போடு.

பிறகு டாக்டர் காகிதத்தில் படிகள் வரைந்தார்.
பன்னிரண்டரை. பத்து. ஒன்பது.
மெதுவாக, என்றார். மெதுவாக என்று மறுபடியும்.
யாரிடம் சொல்கிறீர்கள்?
இருபத்தாறு வருடமாகப் பனிச்சாலையில்
பிள்ளைகளை ஏற்றி ஓட்டுகிறவளிடமா?
கண்ணாடியாய் உறைந்த தாரில் பிரேக்கை மிதித்தால்
வண்டி நிற்காது,
திரும்பி நம் முகத்தைப் பார்க்கும்.
தொட்டு விடணும். தொட்டு விடணும்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பாவதற்கு
வேண்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆனாலும் ஏழில் மிதித்துவிட்டேன்.
ஆகஸ்டில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம்.
போட்டோவில் என் பழைய தாடை வேண்டும் என்ற ஆசை.
யாரிடமும் கேட்காமல் ஏழிலிருந்து நாலு.

போட்டோ நன்றாகத்தான் வந்தது.
ஒன்பதாம் நாள் பள்ளிக்கூட வாசலில்
சீட்டிலிருந்து எழ முடியவில்லை.
இடுப்பையும் தோளையும் யாரோ ஆணியடித்து வைத்ததுபோல்.
ஏதோ காகிதத்தைப் பார்ப்பதாக நடித்தேன்.
எல்லாப் பிள்ளைகளும் இறங்கினார்கள்.
லெம்பி மட்டும் போகவில்லை.
கையிலிருந்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று
அவள்தான் சொன்னாள்.

மறுபடி பத்து.
பரமபதத்தைக் கவிழ்த்துப் போட்டு ஆடுவதுபோல:
இங்கே இறங்குகிறவர்தான் ஜெயிக்கிறவர்,
ஏணி வந்தால் தண்டனை.
டாக்டர் திட்டவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.

இப்போது அடுத்த அக்டோபர்.
சாலையோரப் புல்லில் முதல் உறைபனி.
ஐந்து மில்லியிலிருந்து இன்று நாலரை.
சிறுநீரகங்களின் தலையில்
தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள்,
மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்று
இரண்டு வருடமாகத் தூங்கிவிட்டன.
இனி அவை எழுந்து வர வேண்டுமாம்.

எழுந்து வராத பிள்ளையை எனக்குத் தெரியும்.
எட்டாவது நிறுத்தம், மஞ்சள் வீடு.
ஹாரன் அடித்தால் அழுவான், இன்னும் தாமதமாகும்.
கதவைத் திறந்து வைத்து, என்ஜினை ஓடவிட்டு
சும்மா இருக்க வேண்டும்.
ஒரு காலில் பூட்ஸோடு
மறு காலில் வெறும் சாக்ஸோடு
வருவான்.
சில நாள் வருவதில்லை.

காலையிலிருந்து இடது தோளில் ஒரு வலி.
அதுதானா இது?
நேற்றுப் படகைக் கரையேற்றியதாலா?
வெறும் அறுபத்துமூன்று வயதா?
எந்த வலியும் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வருவதில்லை.

மேஜையில் மாத்திரை வெட்டும் டப்பா.
டக்.
இரண்டு பாதிகளும் சமமில்லை, எப்போதும் போல.
சின்னதை எனக்கு, பெரியதை நாளைக்கு.
பிளேடின் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள்.
ரெய்யோ ஊதப்போனான்.
இரு, என்றேன்.
விரல்நுனியை நனைத்து ஒற்றி எடுத்து
வாய்வரை கொண்டுபோனவள்
குழாயைத் திறந்து கழுவிவிட்டேன்.

மணி ஆறரை.
வண்டியின் கண்ணாடியில் பனி சுரண்ட வேண்டும்.
அதற்குக் கையைத் தூக்கித்தான் ஆகணும்.