அரைச்சுரம் இறங்கிய ஊர்

காலை இருநூறு மில்லிகிராம். இரவு இருநூறு.
நடுவே பன்னிரண்டு மணி நேரம் என்று
மருந்துக்கடை குமகாய்
உறைமேல் சிவப்பில் வட்டமிட்டார்.
"தலை சுற்றலாம். பொருள்கள் இரண்டாகத் தெரியலாம்.
தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே வாருங்கள்,
மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.
கிரேப்ஃப்ரூட் கூடவே கூடாது."
நம்மூர் ஆரஞ்சு? என்றேன்.
"அதுவும் இல்லாமல் ஹமாமட்சுவில் ஒரு குளிர்காலமா?"

காதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

விழுந்தது மார்ச்சில்,
ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்,
பட்டமளிப்புக்கு முந்தின நாள்.
எண்பத்தெட்டுக் கட்டைகளில்
அறுபத்தொன்றுக்குச் சுருதி சேர்த்திருந்தேன்.
மிச்சத்தை யார் முடித்தார்கள் என்று
கேட்க வெட்கமாக இருக்கிறது.
பிள்ளைகள் அப்படியே பாடியிருப்பார்கள்,
மேல்ஸ்தாயி கொஞ்சம் புளிக்க.

நூறில் தூக்கம்.
முந்நூறில் தெருவிளக்குக்குப் பக்கத்தில்
இன்னொரு தெருவிளக்கு,
உட்கார்ந்து காத்திருந்தால் அது போய்விடும்.
நானூறின் எட்டாம் நாள்
பெட்டிக்கடைக் கதவு திறந்தது.
பத்து வருடமாகக் கேட்ட அந்த மணி
யாரோ காலைப் பிடித்து இழுத்தது போல
அரைச்சுரம் கீழே விழுந்து ஒலித்தது.

மணிதான் பழுது என்று நினைத்தேன்.
பிறகு ரயில் நிலையத்து இசை.
பிறகு ஒரு ஆம்புலன்ஸ்.
வீட்டுக்கு ஓடி இசைக்கவையை முழங்காலில் தட்டினேன்.
அதன் எஃகில் 442 என்று பொறித்திருக்கிறது.
எஃகு பொய் சொல்லாது.
என் காதும் அதுவரை சொன்னதில்லை.

"சோடியம் சரி, கல்லீரல் சரி" என்றார் டாக்டர் அமெமியா.
"காது... படித்திருக்கிறேன். அபூர்வம். ஆபத்தில்லை.
வேறு மாத்திரை உண்டு.
ஆனால் மாற்றுகிற மாதங்களில்
வலிப்பு எட்டிப் பார்க்கலாம்."
அவர் அறைக் கடிகாரம் மூன்று அடித்தது.
மூன்றும் தப்பு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
ஜூனில் இரண்டு நாள்
மாத்திரைகளை உறையோடு பியானோவுக்குள் வைத்து
மூடியை இறக்கிவிட்டேன்.
மூன்றாம் காலை கெட்டிலின் சீழ்க்கை
ஏறக்குறைய தன் இடத்துக்கு வந்திருந்தது.
அழுகை வந்தது.
அதன் பின்னாலேயே வந்தது ரப்பர் கருகும் வாசனை.
இடது கட்டைவிரல் என்னைக் கேட்காமல்
எதையோ எண்ணத் தொடங்கியது.
மூடியைத் திறந்து, தண்ணீர்கூட இல்லாமல்,
ஒன்றே ஒன்று.
விட்டதற்கும் சேர்த்து இரட்டையாக விழுங்காதே என்று
உறையில் எழுதியிருக்கிறதே.

எப்படி இன்னும் வேலை செய்கிறாய் என்று
சக ஊழியன் ஹஷிசுமே கேட்கிறான்.
இரண்டு தந்திகளை ஒன்றாக ஒலிக்கவிட்டால்
அவற்றுக்கிடையே ஒரு நடுக்கம் பிறக்கும்,
வ்வ... வ்வ... வ்வ... என்று.
ஆணியைத் திருகத் திருக அது நீண்டு, சோம்பி,
கடைசியில் அடங்கும்.
அந்த நடுக்கம் இறங்கவில்லை.
வித்தியாசத்துக்குச் சுருதி கிடையாது.
அதை எண்ணிப் பிழைக்கிறேன்.

போன வாரம் கச்சேரி முடிந்து
பியானோக்காரி என் கையைப் பற்றி
"எவ்வளவு துல்லியமான காது" என்றாள்.
அவள் சி மேஜரில் வாசித்த துண்டை
நான் பி மேஜரில் கேட்டு முடித்திருந்தேன்.
நன்றாகத்தான் இருந்தது,
கொஞ்சம் அந்தி கலந்து.

வண்டி ஓட்ட இரண்டு வருடம் தடை,
வலிப்பில்லாத இரண்டு வருடம்.
பதினொரு கிலோ கருவிப் பையோடு
சிவப்பு ரயிலில் போகிறேன்.
ஒவ்வொரு இரவும் ஒன்பதுக்கு
அலாரம், தாழ்ந்த குரலில்.
விழுங்கிவிட்டுக் காலண்டரில் எண்ணை எழுதுகிறேன்.

ஜூன் மாதத்து அந்தக் காலையை
டாக்டரிடம் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.
இன்றைக்கு இருநூற்றுப் பதினொன்று.
பென்சிலால்.